ஒரு மூலை மட்டும் உருண்டை

மாமாவுக்கு லண்டன் பிடிக்கவில்லை. பேரனைப் பார்க்க வந்தவரை முதல் வாரமே டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் என்று இழுத்துக்கொண்டு அலைந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "நல்லா இருக்கு மாப்ள. கூட்டம்தான் ஜாஸ்தி." அதற்கப்புறம் இரண்டு வாரம் கில்லிங்ஹாமில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் வீட்டில் நடந்துகொண்டிருந்த கூரை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்த மனிதர். வேறு எதைப் பார்ப்பார்?

ஒரு சனிக்கிழமை குழந்தையும் மனைவியும் தூங்கிய நேரம் பார்த்து, "ரெண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு கோட்டை இருக்கு மாமா, போலாமா?" என்றேன்.

"என்ன கல்லு?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக ரயிலில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். மெட்வே ஆற்றங்கரையில் பெரியதாக, சாம்பல் நிறத்தில் நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ராச்செஸ்டர் கோட்டைக்கு உள்ளே போனதும் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். நடுவில் நிற்கும் அந்தக் கோபுரத்தை இங்கே கீப் என்பார்கள். உயரம் 113 அடி, அதன் மேல் மூலைக்கு ஒன்றாக நிற்கும் சிறு கோபுரங்கள் இன்னும் 12 அடி. அகலம் பக்கத்துக்கு 70 அடி. மாமா அண்ணாந்து பார்க்கவில்லை. நேராகச் சுவரின் அடிக்குப் போய், குனிந்து, கட்டைவிரலால் இணைப்புச் சாந்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது புதுசா அடைச்சது," என்றார். ஓர் அடி தள்ளி இன்னொரு இடத்தைத் தேய்த்தார். "இதுவும் புதுசுதான். ஆனா சுண்ணாம்புலதான் அடைச்சிருக்கான். சிமெண்ட் போடல. விவரமானவன்."

பிறகு கல்லைத் தட்டினார். சுவர் முழுக்க உடைத்த கல், ஒழுங்கில்லாத துண்டுகள். மூலைகளில் மட்டும் வெளிர் மஞ்சளாக, சதுரமாகச் செதுக்கிய கல். "மூலைக்கு மட்டும் நல்ல கல்லா பார்த்து வாங்கியிருக்கான் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து படித்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. உடைகல் ராக்ஸ்டோன், இந்த கென்ட் வட்டாரத்திலேயே கிடைப்பது. கடினமான கல், உளிக்கு ஒழுங்காக வளையாது. அதனால் மூலைக்கும் வளைவுகளுக்கும் பிரான்ஸின் நார்மண்டியில் கான் என்ற ஊரிலிருந்து மென்மையான கல்லைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில், கடல் தாண்டி, கல்.

சுவரில் வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள். ஊரிலிருந்து வரும் நண்பர்களிடமெல்லாம் "அம்பு விடறதுக்கு" என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் புறாக்கூடு என்றும் சொல்லியிருக்கிறேன். புறாக்கள் அதில்தான் உட்கார்ந்திருந்தன, என்ன செய்வது.

"சாரம் கட்டின ஓட்டை, மாப்ள."

சுவர் எழ எழ அதிலேயே ஓட்டை விட்டு, குறுக்குக் கழியைச் செருகி, பலகை போட்டு, அதன் மேல் நின்று அடுத்த பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் கழியை உருவிக்கொண்டு மேலே போவது. "ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு பாருங்க. ஒரு ஆள் நின்னு கை எட்டுற உயரம்." தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே நின்ற கொத்தனாரின் உயரத்தையே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

இங்கே முதலில் கல்லில் கட்டியவர் கண்டல்ஃப், ராச்செஸ்டரின் பிஷப். லண்டன் டவரின் வெள்ளைக் கோபுர வேலையைக் கவனித்தவரும் இவர்தான். ஹாடன்ஹாம் என்ற கிராமத்தின் உரிமையைத் தன் திருச்சபைக்கு உறுதி செய்து தரும்படி இரண்டாம் வில்லியம் மன்னரிடம் கேட்டார். மன்னர் அதற்கு நூறு பவுண்டு கேட்டார். நடுவில் இருந்தவர்கள் பேசி, பணத்துக்குப் பதில் ராச்செஸ்டரில் ஒரு கல் கோட்டை கட்டிக் கொடுத்துவிடட்டும் என்று முடித்தார்கள். நாற்பது பவுண்டில் முடியும் என்று மதிப்பிட்டார்கள். அறுபது ஆனது. இதைச் சொன்னதும் மாமா அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "எல்லா எடத்துலயும் அப்படித்தானா!"

கண்டல்ஃப் கட்டியது சுற்றுச்சுவர். நாங்கள் பார்த்த கோபுரம் அதற்குப் பிந்தியது. 1127ல் முதலாம் ஹென்றி இந்தக் கோட்டையை கேன்டர்பரி பேராயர்களின் பொறுப்பில் விட்டார். அப்போது பேராயராக இருந்த வில்லியம் டி கார்பெய் கட்டியது இது.

உள்ளே போனால் இன்னொரு ஆச்சரியம். தளமே கிடையாது. கீழே நின்று பார்த்தால் மேலே வானம். தளத்தைத் தாங்கிய உத்திரங்களின் குழிகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. கணப்பு அடுப்புகள் சுவரின் பாதி உயரத்தில், யாரும் போய்க் குளிர்காய முடியாத இடத்தில், திறந்த வாயோடு தொங்குகின்றன. 1610ல் முதலாம் ஜேம்ஸ் இந்தக் கோட்டையைத் தனியார் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் அந்தக் குடும்பம் மரத்தையும் கல்லையும் விற்றது. 1884ல்தான் நகர சபை வாங்கியது. கோட்டை என்றால் போரில்தான் அழியும் என்று நினைக்கிறோம். பாதி கோட்டைகளை அழித்தது பழைய சாமான் வியாபாரம்தான் என்பது என் அபிப்பிராயம்.

கோபுரத்தை அடியிலிருந்து உச்சி வரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு நடுச்சுவர் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள்ளேயே கிணறு. ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒரு திறப்பு, அங்கிருந்தே வாளி விட்டு இறைத்துக்கொள்ளலாம். மாமா அந்தத் திறப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "அடில கிணறு, அது மேல சுவரு. எடுத்துக் கட்டுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்" என்றார். எனக்கு அந்த நேரத்தில் அது பெரிதாகப் படவில்லை. சுழல் படிக்கட்டில் நெற்றியை இடித்துக்கொண்டிருந்ததால் என் கவனம் வீக்கத்தில் இருந்தது.

மாமாவுக்கு மூட்டு வலி, பாதியில் நின்றுவிட்டார். நான் மட்டும் உச்சிக்குப் போய், ஆறு, பாலம், பக்கத்துத் தேவாலயத்தின் கூர் முனை எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு இறங்கினேன். அவரைக் காணோம். தேடினால் வெளியே, தென்கிழக்கு மூலையில் நின்றுகொண்டிருக்கிறார்.

"மாப்ள, மூணு மூலை சதுரம். இது மட்டும் ஏன் உருண்டை?"

ஆறு வருடம் ரயிலில் போயும் நான் கவனிக்காத இன்னொரு விஷயம். நல்ல வேளை, இதன் கதையை நுழைவாயிலில் படித்திருந்தேன். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்.

1215 ஜூனில் ஜான் மன்னர், தன் அதிகாரத்துக்கு வரம்பு போட்டுப் பிரபுக்கள் கேட்டு வாங்கிய மேக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்கு முத்திரை வைத்தார். சில மாதத்திலேயே அது கிழிந்த காகிதமாகி, பிரபுக்களும் மன்னரும் சண்டைக்கு நின்றார்கள். அக்டோபரில் வில்லியம் டி ஆபினி என்பவர் தலைமையில் கலகக்காரர்கள் ராச்செஸ்டர் கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். நைட்கள் எனப்படும் குதிரை வீரர்கள் சுமார் நூறு பேர், கூடவே வில்லாளர்களும் வேலைக்காரர்களும். டோவரிலிருந்து லண்டன் போகும் சாலை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. விட்டுவைக்க முடியுமா? மன்னர் தானே நேரில் வந்தார். லண்டனிலிருந்து உதவி வராதபடி பாலத்தை உடைத்தார்கள். கல் எறியும் இயந்திரங்கள் ஐந்து, இரவும் பகலும் வீசின. அடிவாரத்தில் 12 அடி கனமுள்ள சுவர். ஒன்றும் ஆகவில்லை.

"12 அடி சுவத்த கல்லால அடிச்சா என்ன ஆகும்? அடியில போகணும்" என்றார் மாமா, ஜான் மன்னருக்கு யோசனை சொல்பவர் மாதிரி.

மன்னரும் அதைத்தான் செய்தார். முற்றுகையின் தொடக்கத்திலேயே கேன்டர்பரிக்கு உத்தரவு போயிருந்தது, இரவு பகல் பாராமல் முடிந்த மட்டும் கடப்பாறையும் குந்தாலியும் செய்து அனுப்பச் சொல்லி. ஆட்கள் முதலில் சுற்றுச்சுவரைச் சாய்த்தார்கள். பிறகு கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டினார்கள். வெட்ட வெட்ட மேலே உள்ள சுவர் இறங்காமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் தயாரானதும் முட்டுகளைக் கொளுத்த வேண்டும். நவம்பர் 25ஆம் தேதி மன்னர் தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல கொழுத்த, சாப்பிட அவ்வளவு லாயக்கில்லாத நாற்பது பன்றிகளை உடனே அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும் என்று.

"சாப்பிட லாயக்கில்லாததுன்னு கடிதத்துலயே இருக்கா?"

"இருக்கு மாமா."

"கணக்கான ஆளு."

கொழுப்பு நின்று எரிந்தது, முட்டுகள் கருகி விழுந்தன, மூலை அப்படியே உட்கார்ந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் அப்போதும் சரணடையவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, பாதிக் கோபுரத்தை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். இதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. தண்ணீர் இருந்ததும் அந்த நடுச்சுவரில்தானே. குதிரைகளைத் தின்று தீர்த்து, வேறு எதுவும் இல்லாமல்தான் நவம்பர் 30ல் கைவிட்டார்கள். ஏறக்குறைய ஏழு வாரம். எல்லோரையும் தூக்கில் போட வேண்டும் என்று நின்ற ஜானை, அவருடைய தளபதி சவாரிக் டி மோலியான் தடுத்தார். நாளைக்கு நம் ஆட்கள் அவர்களிடம் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தூக்கிலிட்டது ஒரே ஒருவனை, ஜானிடமே சிறு வயதிலிருந்து வளர்ந்த ஒரு வில்லாளனை.

அடுத்த வருடமே ஜான் இறந்துபோனார். பழுதுபார்த்தது அவர் மகன் மூன்றாம் ஹென்றியின் காலத்தில். விழுந்த மூலையைப் பழையபடி சதுரமாகக் கட்டாமல் உருண்டையாகக் கட்டினார்கள்.

ஏன் என்று நான் படித்ததைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து சுவருக்குப் போய்விட்டார். "சதுர மூலைல ரெண்டு கல்ல நெம்பி எடுத்தா போதும், மத்ததுக்குப் பிடிப்பு போயிரும். ரெண்டு பக்கமும் காலியா நிக்குது இல்ல. உருண்டைல எதை முதல்ல நெம்புவான்? ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லு மேல சாஞ்சிருக்கு." பலகையில் எழுதியிருந்ததைவிட இது தெளிவாக இருந்தது. 1264ல் மூன்றாம் ஹென்றியை எதிர்த்துக் கிளம்பிய பிரபு சைமன் டி மான்ட்ஃபர்ட் வந்து இதே கோட்டையை முற்றுகையிட்டபோது இந்தக் கோபுரம் பிடிபடவில்லை என்றும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. சதுரச் சுவரும் உருண்டைச் சுவரும் சேரும் இடத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"பழைய சுவத்துல புதுசக் கோக்குறதுதான் மாப்ள கஷ்டம். புதுசா கட்டுறது யார் வேணா கட்டுவான்."

கிளம்பும்போது போட்டோ எடுக்கலாம் என்றேன். கோபுரம் முழுதும் தெரியட்டும் என்று நான் பின்னால் நகர நகர, "வேணாம், கிட்ட வாங்க" என்று கூப்பிட்டார். அவர் முகம் வேண்டாமாம். அந்த ஒட்டு மட்டும் தெளிவாக விழ வேண்டுமாம். நான்கு எடுத்தேன், நான்கிலும் அவர் விரல் இருக்கிறது. ரயிலில் உட்கார்ந்ததும் அதைத் தன்னோடு வேலை பார்த்த பழைய கொத்தனார் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனை வாயருகே பிடித்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி பேசினார்: "டேய், விரல் வச்சிருக்கேன் பாரு. அதுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் வேலை, அந்தப் பக்கம் வேற ஒருத்தன் வேலை. நூறு வருஷம் கழிச்சு வந்து கோத்திருக்கான். பெரிசு பண்ணிப் பாரு."