குவாரியில் ஒரு கொம்பன் ஆந்தை

மார்கழி பிறந்ததும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டேன். மதுரைப் பக்கம், கல் உடைப்பதை நிறுத்திப் பல வருஷமான குவாரி. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், ஆந்தை பிடிக்கிறவனும் நெட்டில்தான் தேடுகிறான்.

கொம்பன் ஆந்தை நம்ம பக்கம் முட்டை வைக்கிற காலம் இது, நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும்கூட நீளும். கூடு என்று குச்சி, புல் எதுவும் கிடையாது. பாறைத் திட்டில் மண்ணை லேசாகக் கிளறிவிட்டு அதிலேயே இரண்டு முதல் நாலு முட்டை. முதல் முட்டையிலிருந்தே அடைக்கு உட்கார்ந்துவிடும், அதனால் குஞ்சுகள் அண்ணன் தம்பி மாதிரி ஏற்ற இறக்கமாக இருக்கும்.

போன வருஷம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எதிர்க்கரையிலிருந்து பார்த்தது போதாதென்று பட்டப்பகலில் கிட்டப் போனேன், தாய் எழுந்து பறந்துவிட்டது, வெளிச்சத்தில் ஆந்தை சிக்கினால் காக்காய்கள் சும்மா விடுமா? குவாரி முழுக்கத் துரத்தின. இறங்கி ஓடிவந்து புதருக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தேன், அது திரும்பி வந்து உட்கார அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் முட்டைகள் வெட்டவெளியில்.

இந்தத் தடவை எதிர்க்கரையைத் தாண்டுவதில்லை. டார்ச் கிடையாது, ஃபோட்டோவும் கிடையாது. தாய் படுத்திருக்கிறதா, ஆண் எத்தனை மணிக்குக் குரல் கொடுத்தது, இதைத்தான் நோட்டில் எழுதுகிறேன்.

கூட்டுக்குத் தள்ளி, ஆண் வழக்கமாக உட்காரும் பாறைக்குக் கீழே கக்கல் உருண்டைகள் கிடைக்கும். செரிக்காத முடியும் எலும்பும் கலந்த உருண்டை. வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால், ஒன்றில் இரண்டு எலி மண்டையோடு, முன்பல் இன்னும் மஞ்சளாக. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் காட்டினேன். ஆந்தை அலறினால் சாவு விழும் என்று முந்தின வாரம்தான் என்னைப் பயமுறுத்தியிருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கடலைக்காட்டு எலில்ல தம்பி?"

"அதேதான் ஐயா."

அப்புறம் சாவுப் பேச்சை எடுக்கவில்லை, ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் ஓட்டுகிறார்.

நேற்று ஆறேகாலுக்கு ஆண் 'பூ...ஹூ' என்று அடித்தொண்டையில் இரண்டு தடவை கூப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் காலில் எதையோ இடுக்கிக்கொண்டு திட்டில் இறங்கியது. தாய் எழுந்திருக்கவில்லை, கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டது. நோட்டில் 'இன்னும் படுத்தேதான்' என்று எழுதிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகவேண்டும்.