வேலாவிலிருந்து டெனெப் பக்கம்: பால்வீதியின் காந்தத் திசை

நம் அருகில் பால்வீதியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. புலத்தின் வலிமை சில மைக்ரோகாஸ்தான் (காஸ் என்பது காந்தப்புல அலகு, மைக்ரோகாஸ் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எங்கள் கொழிஞ்சாம்பாறையில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலத்தைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு குறைவு. மொட்டைமாடி ஆண்டெனாவுக்கு இது எட்டாது. பெரிய தொலைநோக்கிகள் அளந்த எண்கள் பொதுவில் கிடைப்பதால் அவற்றை எடுத்துக்கொண்டேன்.

அடிப்படை, ஃபாரடே 1845இல் கண்ட விளைவு. தளவிளைவுற்ற அலை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் அலை, காந்தப்புலமும் எலக்ட்ரான்களும் உள்ள இடத்தைக் கடந்தால் அதன் அதிர்வுத் தளம் திரும்பும். அலைநீளம் இரட்டித்தால் திருப்பம் நான்கு மடங்கு. புலம் நம்மை நோக்கி வந்தால் பிளஸ், விலகிப் போனால் மைனஸ்.

முதலில் வேலா பல்சார். வேலா விண்மீன் குழுவில் வேகமாகச் சுழன்று ரேடியோ துடிப்புகள் அனுப்பும் நட்சத்திர எச்சம் இது. அதன் அலைத்தளம் திரும்பும் அளவு (ஆங்கிலத்தில் rotation measure), சதுர மீட்டருக்குச் சுமார் 31 ரேடியன். இதில் எலக்ட்ரானும் புலமும் பின்னிக் கிடக்கின்றன. பல்சாரின் அருமை இங்கேதான். அதே எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் துடிப்பைத் தாமதிக்க வைக்கின்றன. அந்தத் தாமதத்திலிருந்து எலக்ட்ரான் கணக்கு மட்டும் தனியாக வந்துவிடும். அது, வானியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அலகில், 68. 31ஐ 68ஆல் வகுத்து, அலகை மாற்றும் எண்ணான 1.23ஆல் பெருக்கினால் 0.56 மைக்ரோகாஸ், பிளஸ். பார்வைக் கோட்டின் வழியே உள்ள சராசரி மட்டும்தான் இது. ஆனாலும் 950 ஒளியாண்டு தூரத்துக் காந்தம் ஒரு வகுத்தலில் வந்ததும் காகிதத்தில் இன்னொரு தரம் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் 2009இல் வந்த பட்டியல். அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கித் தரவிலிருந்து 37,543 ரேடியோ மூலங்கள். பைத்தான் நிரலில் பிளஸுக்குச் சிவப்பு, மைனஸுக்கு நீலம் கொடுத்தேன். முதலில் வெறும் பொட்டுக் குவியல். அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் இடைநிலை மதிப்பை எடுத்ததும் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. பால்வீதித் தீர்க்கரேகை 90ஐ ஒட்டி, அதாவது சிக்னஸ் விண்மீன் குழுவின் பக்கம், பால்வீதி வட்டுக்குத் தெற்கே பெரிய நீலத் திட்டு. வேலா இருக்கும் இடம் காலி. அவ்வளவு தெற்கே அந்த ஆய்வு போகவில்லை. அந்த இடத்துக்குப் பல்சார்தான் சாட்சி.

வேலா பக்கம் பிளஸ், சிக்னஸ் பக்கம் மைனஸ். அப்படியென்றால் புலம் வேலாவிலிருந்து நம்மைக் கடந்து சிக்னஸை நோக்கிப் போகிறது. சரி, வானத்தில் இது எங்கே? வேலா பல்சார் வான நடுவரைக்கு 45 பாகை தெற்கே, சிக்னஸின் பிரகாசமான நட்சத்திரம் டெனெப் 45 பாகை வடக்கே. இரண்டும் ஏறக்குறைய நேரெதிர். மார்ச் நடுவில் இரவு மூன்று மணிக்குச் சற்று முன், நெல்லியாம்பதி மலைக்குப் பின்னால் வேலா இறங்கும்போது கோயம்புத்தூர் வெளிச்சத்துக்கு வலப்புறம் டெனெப் ஏறும். கையை நீட்டிக் காட்டலாம், காந்தம் போகும் திசை இதுதான் என்று.

அடுத்து சிக்னஸ் பக்கத்துப் பல்சார்களுக்கும் இதே வகுத்தலைப் போட வேண்டும். பி2020+28 என்ற பல்சாரில் தொடங்குகிறேன்.