ஆறுதல் சொல்லப் போனேன்

சர்ச்சில் ஊழியத்துக்கு வந்த புதிதில், ஆண்டவருக்கு நான் ஏதோ உதவி செய்கிறேன் என்று நினைப்பு. நாற்காலி அடுக்குவதுதான் வேலை, நினைப்பு மட்டும் பெரிசு!

போன வாரம் படுக்கையில் இருந்த ஒரு பாட்டிக்கு பைபிளிலிருந்து 23-ம் சங்கீதம் வாசித்தேன். மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பயப்படேன் என்கிற நாலாம் வசனம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே மீதியை அவங்களே சொல்லி முடித்தாங்க. அப்புறம் என் கையைப் பிடித்து எனக்காக ஜெபமும் பண்ணினாங்க.

யோவான் 13-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவும்போது, அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அங்கேதான் இருந்தான். எத்தனை தடவை வாசித்திருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தருக்கு மாசக்கணக்கில் சாப்பாடு கொண்டுபோன பிறகுதான் பட்டது.

அவர் இன்னும் பேசவில்லை. நாளைக்கும் போகணும்.