தேர்வறையில் முதல் பத்து நிமிடம்

பதில் தெரியாமல் முழிப்பவர்களைவிட, தெரிந்ததை எழுத முடியாமல் தவிப்பவர்களைத்தான் தேர்வறைக் கண்காணிப்பில் அதிகம் பார்த்திருக்கிறேன். வினாத்தாள் கைக்கு வந்ததும் முதல் கேள்வியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பேனா மூடியைத் திறப்பார்கள், மூடுவார்கள். கண் வரியில் ஓடும், மனசில் எதுவும் ஒட்டாது.

இது சோம்பலும் இல்லை, படிக்காத குறையும் இல்லை. மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் தாங்கும். ‘இதில் போய்விட்டால் என்ன ஆகும்’ என்ற கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், சூத்திரம் நிற்க இடம் ஏது? உளவியல் ஆய்வாளர்கள் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் உட்கார்ந்து தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய பதற்றக்கார மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையில் இருப்பதைத் தாளில் இறக்கி வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள் என்பதை நானே பார்க்கிறேன்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறார். எழுதலாம் என்று சொன்னதுமே கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சூத்திரங்களை வரிசையாக எழுதிவிட்டார். அப்புறம் வினாத்தாள் முழுவதையும் ஒருமுறை புரட்டி, நிச்சயமாகத் தெரிந்த கேள்விகளுக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி வைத்தார். எழுத ஆரம்பித்தது நான்காவது கேள்வியில். இத்தனைக்கும் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பதற்றம் தீர்ந்த பிறகு ஒழுங்குக்கு வரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரக் கணக்கும் அப்படித்தான். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண் என்றால், படிக்கவும் சரிபார்க்கவும் 20 நிமிடம் ஒதுக்கியது போக 160 நிமிடம். பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதினாறு நிமிடம். இதை வீட்டிலேயே போட்டு வைத்துக்கொண்டு வந்தால், அறையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கேள்விகளை வரிசை மாற்றி எழுதினால் ஓரத்தில் கேள்வி எண்ணையும், கூடுதல் தாள் வாங்கியதுமே அதில் பக்க எண்ணையும் போட்டுவிட வேண்டும். மணி அடித்த பிறகு தாள்களைக் கலைத்து அடுக்குபவர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வட்டம் நிரப்பும் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டினால், வட்டத்தையும் தாண்டினோமா என்று உடனே பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் அதன்பின் எல்லாமே ஒரு வரி தள்ளிப்போகும்.

முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குருகர், விர்ட்ஸ், மில்லர் ஆகிய உளவியல் ஆய்வாளர்களின் 2005 ஆய்வில், மாற்றப்பட்ட விடைகளில் தவறிலிருந்து சரிக்குப் போனவைதான் அதிகம். மாற்றக் காரணம் கிடைத்தால் மாற்றலாம். வெறும் பயத்தில் அடித்து எழுதுவது வேறு.

எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘இன்னும் பத்து நிமிஷம்தான்!’ என்று அறை அதிரச் சொல்லும் பழக்கம் கண்காணிப்பாளர்கள் பலருக்கு உண்டு. நான் மீதமுள்ள நேரத்தைப் பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். தேவைப்படுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள்.