பதினோராம் தரத்தில் பின்னங்களுக்குத் திரும்புதல்

கிளிநொச்சி மாவட்டத்தில் சாதாரண தர வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். பதினோராம் தரத்தில் திணறும் பிள்ளை பெரும்பாலும் பதினோராம் தரப் பாடத்தில் திணறுவதில்லை. மடக்கையும் (log) தாயமும் (matrix) ஓடவில்லை என்பார்கள். விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தால், புதிய பாடம் ஓரளவு சரியாகவே இருக்கும். பின்னத்தைச் சுருக்கும் இடத்தில் அல்லது மறைக் குறியைக் கையாளும் இடத்தில் கணக்கு சரிந்திருக்கும்.

வன்னியில் இதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 இல் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகள் 2009 இல் நான்காம் தரத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள். பின்னங்களைக் கைப்பழக்கமாக்க வேண்டிய வயதில் பதுங்குகுழியிலும், பிறகு செட்டிகுளத்து முகாம்களிலும் இருந்தார்கள். மீளக்குடியமர்ந்த பின்னர் வயதைப் பார்த்து அடுத்தடுத்த தரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுபட்ட பாடம் விடுபட்டபடியே கிடந்தது. அந்தப் பிள்ளைகளை மூளையில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு முகாம் நினைவு இல்லை. ஆனால் கணித ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் இருந்த வகுப்புகளிலிருந்து வருகிறவர்களிடம் அதே ஓட்டைகளைக் காண்கிறேன்.

ஆகவே முதல் தவணையில் பின்னத்திலிருந்தே தொடங்குவேன். 3/4 + 2/5 என்று எழுதினால் வகுப்பில் சிலர் 5/9 என்பார்கள். பொதுப் பகுதி எடுக்கும் முறையை, அதாவது கோட்டின் கீழ் எண்களைச் சமமாக்கும் முறையை, உடனே சொல்லமாட்டேன். முக்கால் ஏக்கர் வயலோடு இன்னும் கொஞ்சம் நிலம் சேர்ந்தால் முக்காலிலும் குறையுமா என்று கேட்பேன். வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். 5/9 அரையை விடச் சற்றே கூடியது, முக்காலுக்கு எட்டாது என்று தாங்களே கண்டுகொள்வார்கள். இதே பிழைதான் அட்சரகணிதப் பின்னங்களில் வேறு உடையில் வருகிறது. அங்கே திருத்துவதைவிட இங்கே திருத்துவது எளிது.

வரைபுக் கணக்கிலும் அப்படித்தான். y = 3 − x² என்பதில் x = −2 ஆகும்போது y = −1. பலர் 7 என்று எழுதுவார்கள். புள்ளிகளைக் குறித்ததும் வளையியின் இடப்பக்கம் மேலே ஓடும், வலப்பக்கம் கீழே போகும். அழிறப்பரை எடுக்கவிடாமல், சமச்சீர் அச்சு எங்கே என்று கேட்டால் போதும். தன் பிழையைத் தானே பிடித்த பிள்ளை அதை மறுபடி விடுவது அரிது.

அமைப்புக் கணக்குகளில், வடிவாக இருக்கவேண்டும் என்று கவராயத்தால் வரைந்த வில்களை அழிப்பவர்கள் உண்டு. அவை தெரிந்தால்தான் புள்ளி.

கனவளவுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் எங்கள் மாவட்டத்து இரணைமடுக் குளம். குளத்து நீரை ஏக்கர் அடியில் சொல்வார்கள்: ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 43,560 கன அடி. மழைக்காலத்தில் குளம் எத்தனை அடி என்று அப்பா தினமும் விசாரிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அலகு மாற்றம் வெறும் பாடமாகத் தெரிவதில்லை.

சித்தி எட்டாது என்று மனம் விட்டவர்களுக்கு வினாத்தாளையே கணக்காகப் போட்டுக் காட்டுவேன். முதற்பத்திரத்தின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அவற்றைச் சரியாகச் செய்தால் 50. அதன்மேல் பத்துப் புள்ளி வினாக்கள் இரண்டு முழுமையாக வந்தால் 70. மொத்தம் 200 என்பதால் அது நூற்றுக்கு 35, சித்திப் புள்ளி. அந்தச் சிறு வினாக்களில் கணிசமானவை கீழ்த்தரப் பாடங்களை நம்பியே நிற்பவை.

மேலதிக வகுப்புகளைப் பரீட்சைக்கு முந்திய தவணையில் மட்டும் வைப்பதை எங்கள் பாடசாலைகள் மாற்றவேண்டும். முதல் தவணையிலேயே தொடங்கட்டும். பதினோராம் தர வகுப்பறை அலுமாரியில் ஆறாம், ஏழாம் தரக் கணிதப் பாடநூல்களையும் வைக்கட்டும். பிள்ளைகள் கூச்சமின்றி எடுத்துப் பார்க்கும்படி.