இன்ஸ்பயர் விருதுக்கு விண்ணப்பிக்கும் தலைமையாசிரியர்களுக்கு: பாஸ்புக்கை முதலில் பாருங்கள்

தலைமையாசிரியர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி எதற்குப் போனாலும் "பிள்ளைகளிடம் புதுமைச் சிந்தனையை வளருங்கள்" என்கிறார்கள். எங்கள் பள்ளியில் சிந்தனைக்குத் தட்டுப்பாடே இல்லை. கடவுச்சொல்லுக்கும் பாஸ்புக்குக்கும் இனிஷியலுக்கும்தான் தட்டுப்பாடு. பள்ளி மாணவர்களின் புதுமை யோசனைகளுக்குத் தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு 2023-24இல் எங்கள் மாணவர்களை அனுப்பியபோது பட்ட பாட்டை எழுதிவைத்தால், முதல்முறை அனுப்பப்போகிறவர்களுக்காவது அலைச்சல் குறையும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. திட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. அப்போது ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஒரு பள்ளிக்கு ஐந்து யோசனைகள். தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கில் நேராக விழும். நாடு முழுவதும் ஒரு லட்சம் யோசனைகள், அதிலிருந்து மாநிலக் கண்காட்சிக்குப் பத்தாயிரம், தேசியக் கண்காட்சிக்கு ஆயிரம், கடைசியில் அறுபது என்று வடிகட்டுவார்கள்.

முதல் முட்டுக்கட்டை இணையதளத்துக்குள் நுழைவதிலேயே வந்தது. பள்ளியின் ஒருமுறைப் பதிவை எனக்கு முன்பிருந்த தலைமையாசிரியர் தன் சொந்த மின்னஞ்சலில் செய்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த மின்னஞ்சலோடு இணைத்த செல்பேசி எண்ணும் இப்போது அவரிடம் இல்லை. மனிதர் நல்லவர். போன் செய்தபோது நினைவிலிருந்த கடவுச்சொல்லை எல்லாம் சொல்லிப் பார்த்தார், எதுவும் திறக்கவில்லை. கல்வி அலுவலகத்தில் கேட்டால், "புதுசா ரிஜிஸ்டர் பண்ணிடுங்க மேடம்" என்றார் பிரிவு எழுத்தர். புதிதாகப் பதிவு செய்யப் போனால், இந்த யூடைஸ் எண்ணில் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்) ஏற்கனவே பள்ளி பதிவாகியிருக்கிறது என்று தளம் மறுத்தது. அதைச் சொல்லத் திரும்பப் போனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப பழசுலயே போங்க" என்றார்.

மாவட்டத்தில் இந்த விருதுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார் என்பதை இன்னொரு பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பள்ளியின் லெட்டர்பேடில் யூடைஸ் எண், பழைய மின்னஞ்சல், புதிய மின்னஞ்சல், என் பொறுப்பேற்பு ஆணையின் நகல் எல்லாம் வைத்து அவரிடம் கொடுத்தேன். சிக்கல் தீர்ந்துவிட்டது. இவ்வளவு எளிதான வேலையை அந்த எழுத்தர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நீங்கள் போகும்போது எழுத்தரிடம் "எப்படிச் செய்வது" என்று கேட்காதீர்கள். "இதற்கு ஒருங்கிணைப்பாளர் யார்" என்று கேளுங்கள். அப்புறம், பள்ளியின் பெயரில் தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதன் கடவுச்சொல்லைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மேசை, பீரோ, சாவி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைக்கிறோம், இதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

யோசனை திரட்டும் கட்டம் மகிழ்ச்சியானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அறிவியல் மாதிரி செய்யுங்கள்" என்று அறிவித்தால் எரிமலை, நீர்மின் நிலையம், தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி வரும். நாங்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: உங்கள் வீட்டில் எந்த வேலையைச் செய்யும்போது அம்மாவோ அப்பாவோ வலிக்கிறது என்கிறார்கள்? ஒரு வாரம் கவனித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். காகிதம் குவிந்தது. சரியாகப் படிக்க வராத பிள்ளைகள்கூட எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழைகளைத் தாண்டிப் படித்தால் அவ்வளவு நுணுக்கமான கவனிப்பு! இந்திய மொழி எதிலும் யோசனையை அனுப்பலாம் என்பதால், சுருக்க விவரத்தைத் தமிழாசிரியரே பிள்ளைகளோடு உட்கார்ந்து செப்பம் செய்தார். அறிவியல் ஆசிரியருக்கு நேரம் வேண்டுமே என்று அவருடைய பாடவேளைகள் சிலவற்றில் நான் கணக்குப் பாடம் எடுத்தேன். புதுமை செய்யுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அதற்கான நேரத்தைக் கொடுக்காத தலைமை, வெறும் சுற்றறிக்கை என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் தயார் நிலை மாதிரிகள் விற்பவர்கள் பள்ளிக்கே வருவார்கள். எங்களிடம் வந்தவர் படக்கோப்பு ஒன்றைக் காட்டி, எழுதித் தருவதிலிருந்து செய்து தருவது வரை தானே பார்த்துக்கொள்வதாகவும், பணம் வந்த பிறகு பாதி கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். வாசலோடு அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் பிள்ளையினுடையது. தவிரவும், ஒரே மாதிரி நூறு பள்ளிகளிலிருந்து போகும் யோசனைகள் புதுமை இல்லை என்று முதல் வடிகட்டலிலேயே கழிந்துவிடும்.

ஐந்து யோசனைகளைத் தேர்ந்தெடுத்தோம். அதில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று எட்டாம் வகுப்பு மாணவியுடையது. எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டிலேயே புளி தட்டுவார்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்க தட்டினால் விரலிலும் மணிக்கட்டிலும் வலி, அடிபட்ட காயத்தில் புளி படும்போது எரிச்சல். தரையில் உட்கார்ந்தபடியே உள்ளங்காலால் அழுத்தினால் கொட்டை பிதுங்கி விழும் கருவி ஒன்றை அவள் வரைந்திருந்தாள். அம்மா எப்படி உட்காருவார், கால் எதுவரை நீளும் என்று அளவுகூடக் குறித்திருந்தாள்.

இன்னொன்று பத்தாம் வகுப்பு மாணவனுடையது. மாங்காயைத் தொரட்டியால் இழுத்துப் பறித்தால் காம்பு அடியோடு பிய்ந்து பால் வடியும். பால் பட்ட இடம் கறுத்துவிடும். கூழ் ஆலைக்குப் போகும் காய்க்கு இது பெரிய விஷயமில்லை, சந்தைக்குப் போகும் பழத்துக்கு விலை விழும். காம்பில் கொஞ்சம் விட்டு வெட்டும் கத்தியும், காய் அடிபடாமல் இறங்கிவரத் துணிக்குழாயும் வைத்த தொரட்டி அவன் யோசனை. தோட்டக் கூலிக்குப் போகும் அப்பாவிடமிருந்து பிறந்தது.

சரி, இனி வங்கிக்கு வருவோம்.

பதிவேற்றம் செய்ய மாணவரின் கணக்கு விவரம் வேண்டும். மாணவியின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருவார். அம்மாதான் மகளை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். "மைனர் அக்கவுன்ட்டுக்கு அப்பா வரணும்" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அவரு வர்றதுக்கு தீபாவளி ஆயிடுமே டீச்சர்" என்று மறுநாள் பள்ளிக்கு வந்து சொன்னபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய கூலியும் போயிற்று.

அம்மாவைக் காப்பாளராக வைத்து மைனர் கணக்கு தொடங்கலாம் என்பது ரிசர்வ் வங்கி பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்னது. பத்து வயதைக் கடந்த பிள்ளை விரும்பினால் தானே இயக்கும் சேமிப்புக் கணக்கே தொடங்கலாம் என்று 2014இல் சுற்றறிக்கையும் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு, படிப்புச் சான்றோடு நானே போனேன். கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைத் தொடவில்லை. "எங்க பிராஞ்சுல அந்த வழக்கம் இல்ல மேடம்" என்றார். அப்புறம் சர்வர் இல்லை, சாப்பாட்டு நேரம், நாளைக்கு வாருங்கள். மறுபடி போனால் படிவம் தீர்ந்துவிட்டதாம். பள்ளியை விட்டுவிட்டு இப்படி நின்றுகொண்டிருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது. கடைசியில் மேலாளர் அறைக்குள் போய், "கணக்கு தொடங்க முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள் சார், நான் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டேன். எழுதித் தர யாருக்கும் மனமில்லை. படிவம் கிடைத்தது, சர்வரும் வந்தது, அன்றைக்கே கணக்கு எண் கைக்கு வந்துவிட்டது. மகளும் அம்மாவும் பாஸ்புக்கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இத்தனை அலைச்சலில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

எழுத்தில் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

மற்ற மாணவர்களிடம் கணக்கு இருந்தது, ஆனால் அதிலும் கோளாறு. ஒருவனின் பழைய பாஸ்புக்கில் இருந்த, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண், 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் இணைந்த பிறகு மாறிவிட்டது. இன்னொருத்திக்கு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. ஆதாரை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒத்துவரும்படி மாற்றுவதுதான் சுலபம். எமிஸ் நம் கையில் இருப்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள். இதெல்லாம் ஜூன் மாதமே பார்க்க வேண்டிய வேலை. ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம், காலாண்டுத் தேர்வு, சர்வர் நெரிசல் மூன்றும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

மாங்காய்த் தொரட்டி மாணவனுக்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை. அவன் ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக ஏறியிருந்தது, அதன்படி வயது வரம்பைத் தாண்டிவிட்டான். திருத்துவதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் இருந்தது, அதில் குழந்தையின் பெயர் இல்லை. பிறந்தபோது பெயர் வைத்திருக்கவில்லை, அப்புறம் யாரும் சேர்க்கவில்லை. இப்படி எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் சேர்க்க விதி பதினைந்து ஆண்டு வரைதான் அனுமதிக்கிறது, அவனுக்கோ அந்த எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தால், பள்ளிச் சான்றில் முத்திரை தெளிவாக இல்லை என்று ஒரு முறை, அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது என்று இன்னொரு முறை திருப்பினார்கள். குறைகளை ஒரே நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரே நேரத்தில் சரிசெய்திருப்போம். பெயர் சேர்ந்து வருவதற்குள் இணையதளம் மூடிவிட்டது. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பரவாயில்ல டீச்சர்" என்றான். எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த விடுவார்கள் என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

நான்கு யோசனைகள் போயின, பல மாதம் கழித்துப் புளி தட்டும் கருவி தேர்வானது. பத்தாயிரம் ரூபாய் அம்மா தொடங்கிய அந்தக் கணக்கில் சிக்கலில்லாமல் விழுந்தது. உள்ளூர் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் செய்தாள். முதலில் செய்ததில் கொட்டையோடு சதையும் நசுங்கியது. இடைவெளியைக் கூட்டி, அழுத்தும் தகட்டை மாற்றிய பிறகுதான் சரியாக வந்தது. மாவட்டக் கண்காட்சி நாளில் இரும்புச் சட்டத்தைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் ஒப்பவில்லை, டாடா ஏஸ் பிடித்துப் போனோம். வண்டிக் கூலியை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஒருவர், "மோட்டாரில் ஓடும் இயந்திரம் ஏற்கனவே இருக்கிறதே, உன்னுடையதில் என்ன புதிது?" என்று கேட்டார். அவள் தயங்கவில்லை. "அது வாங்குற காசு எங்க தெருவுல யாருகிட்டயும் இல்ல சார். கரண்டும் வேணும். இது எங்கம்மா உட்கார்ற மாதிரியே உட்கார்ந்து செய்யலாம்" என்றாள். மாநில அளவுக்குத் தேர்வாகவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. புதுமை, சமூகப் பயன், சுற்றுச்சூழலுக்குக் கேடின்மை, கையாள எளிமை, இருப்பதைவிட எப்படி மேல் என்ற ஒப்பீடு ஆகிய ஐந்தையும் பார்க்கிறார்கள். ஒப்பீட்டுக்கு வாய்மொழிப் பதில் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்தில் கையால் எவ்வளவு, கருவியால் எவ்வளவு என்று எடைபோட்டு எழுதிய அட்டவணை மேசையில் இருக்க வேண்டும். இந்த ஆண்டு போகும் பிள்ளைகளுக்கு அதைச் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

2024-25இல் திட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டித்துவிட்டார்கள். அறிவிப்பைப் பார்த்ததும் தொரட்டி மாணவன் பதினோராம் வகுப்புப் படிக்கும் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். ஆதார் சரியாகிவிட்டது, பாஸ்புக்கில் பெயர் ஒத்துப்போகிறது, சுருக்க விவரம் எங்கள் தமிழாசிரியரிடம் அப்படியே இருக்கிறது என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் அவன் பெயரைச் சேர்த்து, கடைசி நாள் வரை காத்திருக்காமல் அனுப்பிவிட்டார்.