பனியின் கணக்கில் ஒரு பருவம்

வெப்பமான நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் பனிச்சறுக்கு மையமொன்றில் வேலைக்குச் சேரப் போகிறார் என்றால், எல்லோரும் அவரிடம் குளிரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஒரு சிறிய மையத்தில் ஒரு பருவம் முழுவதும் தங்கி வேலை பார்த்த பிறகு, அந்த விசாரணை எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. குளிரைச் சமாளிக்க உடை இருக்கிறது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தியை ஒதுக்கிவிட்டு, உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உடையையும், அதன்மேல் வெப்பத்தைத் தேக்கும் ஓர் அடுக்கையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றும் நீரும் புகாத மேலங்கியையும் அணிந்துகொண்டால், அந்தச் சிக்கல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வெயிலைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்வீச்சும் கூடுகிறது. புதிய பனி அந்தக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கருத்த தோல் வெயிலில் பொசுங்காது என்று நம்பிவரும் நம்மவர்களின் மூக்கின் அடிப்பகுதியும் தாடையும் முதல் சில வாரங்களிலேயே உரிந்துவிடுகின்றன.

எனக்குக் கிடைத்தது, ஓடும் கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகளில் சறுக்குவோரை மலைமேல் ஏற்றிச்செல்லும் சேர்லிஃப்டின் அடிவாரத்தில் நிற்கும் வேலை. பெரிய மையங்களில் உள்ள நவீன லிஃப்டுகளில், இருக்கை நிலையத்துக்குள் நுழைந்ததும் ஓடும் கம்பிவடத்திலிருந்து கழன்று மெதுவாக நகரும். சிறிய மையங்களில் பெரும்பாலும் இருப்பவை இருக்கை வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட பழைய வகை லிஃப்டுகள். வடத்தின் வேகமே இருக்கையின் வேகம் என்பதால், அது முழங்காலின் பின்புறத்தை இடிப்பதற்கு முன்பு பணியாளர் கையால் பிடித்து அதன் வேகத்தைத் தணித்துக் கொடுக்க வேண்டும். குழந்தையோ முதியவரோ வந்தால் முன்கூட்டியே இயந்திரத்தை மெதுவாக்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். பயணிகள் வருவதற்கு முன்பே இருக்கைகளில் படிந்த பனியைத் துடைத்து, ஏறுமிடத்தில் பனியின் மட்டம் இருக்கையின் உயரத்துக்குப் பொருந்துமாறு மண்வெட்டியால் கொட்டியும் சீவியும் சரிசெய்தாக வேண்டும். உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்த ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரனுக்கு, கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி இயந்திரத்திலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது. தாருக்குப் பதில் மனிதரை ஏற்றும் அந்த வேலையில், தார் ஒருபோதும் ஏறும் நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்காது என்று நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

ஆள் குறைவான இடமாதலால், கூட்டம் மிகுந்த காலைகளில் எங்களில் சிலரை வாடகைக் கருவிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே அமைக்கலாம். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் பொறுப்பு. இறுக்கம் கூடினால், விழும்போது பலகை கழலாமல் கால் முறியக்கூடும்; குறைந்தால், ஓட்டத்தின் நடுவிலேயே கழன்றுவிடும். இதையெல்லாம் விளக்கிய பிறகும் எடையைக் குறைத்துச் சொல்பவர்களும், திறமையைக் கூட்டிச் சொல்பவர்களும் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

உண்மையில் என்னை அலைக்கழித்தது வேலை நேரம். ஒப்பந்தத்தில் மணிநேர ஊதியம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது; வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பது மட்டும் எழுதப்படவில்லை. பெரிய மையங்கள் இயற்கைப் பனி பொய்த்தாலும் குழாய் நீரையும் அழுத்தக் காற்றையும் கலந்து பீய்ச்சிச் செயற்கைப் பனியை உருவாக்கிச் சமாளித்துக்கொள்கின்றன. அதற்கும்கூடக் காற்று போதிய அளவு குளிர்ந்தும் வறண்டும் இருக்க வேண்டும். எங்கள் மையத்தில் அந்தக் கருவிகள் அடிவாரச் சரிவுக்கு மட்டுமே போதுமானவையாக இருந்தன. பனியில்லாத வாரங்களில் மேல் லிஃப்ட் மூடப்படும். எங்கள் வேலை நேரம் பாதியாகும். ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் குடியிருப்பு வாடகை மட்டும் சற்றும் குறையாது. பலத்த காற்று வீசினாலும் இதே கதைதான். இதற்கு நேர்மாறாக, இரவில் கனத்த பனி பொழிந்தால், விடிவதற்கு முன்பே மண்வெட்டியோடு நின்றாக வேண்டும். அன்று விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணியாளர் குடியிருப்பில் பல நாட்டினர் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டோம். வேலையை விட்டால் அறையையும் விட வேண்டும் என்ற விதி இருந்ததால், மேலாளரோடு வாதிடத் துணிந்தவர்கள் குறைவு. வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பது புதிதாக வந்தவரை எவ்வளவு பணிய வைக்கும் என்பதை அங்கேதான் கண்டேன். ஆறுதலாக இருந்தது இலவசப் பருவச் சீட்டு. வேலையில்லாத நாட்களில் பயிற்சிச் சரிவில் தொடங்கி, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்து வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழகி, பருவம் முடிவதற்குள் நடுத்தரச் சரிவுகளில் விழாமல் இறங்கக் கற்றுக்கொண்டேன். இரவெல்லாம் வண்டியோட்டிப் பனியைச் சீராக வரித்துவைக்கும் ஓட்டுநர்களின் உழைப்பு, காலையில் அந்தச் சரிவில் முதல் ஆளாக இறங்கும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இளவேனில் நெருங்கியதும் பகலில் பனி கூழாகி, இரவில் கட்டியாக இறுகத் தொடங்கியது. உடன் பணியாற்றியவர்களில் சிலர், ஜூனில் பருவம் தொடங்கும் நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தார்கள். அடுத்த குளிர்காலத்துக்கும் வரச் சொல்லி மேலாளர் என்னைக் கேட்டபோது, வாரத்துக்குக் குறைந்தபட்ச வேலை நேரத்தை எழுத்தில் தரும்படி கேட்டேன். லிஃப்டில் அது இயலாது என்றும், வாடகைக் கடையில் தரலாம் என்றும் சொன்னார். கடை வேலைக்குக் கையெழுத்திட்டேன்.